என் சொந்த செல்தானே, மாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், கல்யாணத்திற்கு ஐந்து மாதமே இருக்கும் என் அக்கா மகள், கைபேசியில் ஒரு விளம்பரத்தை விரித்துப் பிடித்தபடி என் எதிரே வந்து அமர்ந்து, "மாமா, இந்த ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கலாமா? முகத்துல இருக்கற குழியெல்லாம் நிரம்பிடுமாம். ஒரே நாள்ல முடிஞ்சுடுமாம்" என்று கேட்டாள். நான் விடை சொல்லத் தயங்குவதைக் கண்டதும், "என் சொந்த செல்தானே மாமா? வேற யாரோடதும் இல்லையே, அதுல என்ன கெடுதல் வந்துடப் போகுது?" என்று அவள் கேட்ட இரண்டாவது கேள்விதான், பல நாள் என் மனத்தை விட்டு அகலாமல் நின்று, இந்த நெடும் பதிவை எழுதும்படி என்னைத் தூண்டியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகத்துத் தழும்புக்காக மனம் வருந்துவதை வெறும் அழகு மோகம் என்று தள்ளிவிடுகிற பெரியவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. பதினாறு வயதில் தொடங்கிய பரு இருபத்திரண்டில் அடங்கியபோது, அந்தப் பெண்ணின் இரு கன்னங்களிலும் குழிகளை விட்டுச் சென்றது. அன்று முதல் அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னலுக்கு நேர் எதிரான நாற்காலியையே தேடி அமர்வதை நான் கவனித்திருக்கிறேன். வெளிச்சம் நேராக விழுந்தால் குழியில் நிழல் இராது, பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு குழியும் தன் ஆழத்தைக் காட்டிவிடும் என்பதை அவள் யாரிடமும் பாடம் கேட்டு அறியவில்லை. ஆறு வருஷத்து வேதனை கற்றுக்கொடுத்த வித்தை அது. அத்தகைய துயரத்திற்கு நிவாரணம் தேடுவது நியாயமான காரியமே. தேடுகிற இடத்தில் விவேகம் வேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

உயிரியல் பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், சருமத்தின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறேன். நாம் தொட்டுணர்கிற மேல்தோலுக்கு அடியில், அதைத் தாங்கி நிற்கும் உள்தோலில், ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் ஆங்காங்கே தனித்தனியே வசிக்கின்றன. தோலுக்கு உறுதியையும் உருவத்தையும் தருகிற கொலாஜன் இழைகளை நூற்றுத் தருகிறவை அவையே. காயம் படாத தோலில் அந்த இழைகள் கூடைப் பின்னலைப் போல ஒன்றின்மேல் ஒன்றாய்க் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. காயம் ஆறிய இடத்திலோ, அவசரமாய்ப் போர்த்திய வைக்கோலைப் போல ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அதனால்தான் எவ்வளவு காலம் சென்றாலும் வடுப்பட்ட தோல் பழைய வலிமையில் சுமார் 80 சதவீதத்திற்கு மேல் மீட்பதில்லை. ஆழமாய் அழன்ற பரு உள்தோலின் கொலாஜனை அழித்துவிட, அழிந்த அளவுக்கு ஈடாக ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நூற்றுத் தராமல் போனால், மேற்பரப்பு தாழ்ந்து குழியாகிறது. அதே ஃபைப்ரோபிளாஸ்ட்கள், நம்மைப் போன்ற கருநிறத் தோலினரிடம் அதிகமாகக் காணப்படுவது போல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் நூற்றுக்கொண்டே போனால், காயத்தின் எல்லையையும் தாண்டிப் பருத்து வளரும் கெலாய்டு உண்டாகிறது. குழியும் மேடும் ஒரே செல்லின் குறையும் மிகையுமே என்று கண்டால், "சொந்த செல்" என்ற சொல்லில் எவ்வளவு நம்பிக்கைக்கு இடமுண்டோ அவ்வளவு எச்சரிக்கைக்கும் இடமுண்டு என்பது விளங்கும்.

மனிதத் தோலின் செல்லை உடலுக்கு வெளியே வளர்த்து மீண்டும் உடலுக்கே தருவது விளம்பரக்காரர்களின் கற்பனையில் உதித்த எண்ணமன்று. அதன் பிறப்பு பெருமைக்குரியது. 1975-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும், மேல்தோலின் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெருக்கும் முறையைக் கண்டனர். தனித்து வளர மறுத்த அந்தச் செல்கள், அடியிலே எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட்களைப் பரப்பி வைத்தபோது செழித்து வளர்ந்தன. 1983-இல் உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோன நிலையில் பாஸ்டன் நகரின் தீக்காய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட சிறு வயதுச் சகோதரர் இருவருக்கு, அக்குளில் எஞ்சியிருந்த சிறு துண்டுத் தோலிலிருந்து தாள் தாளாக மேல்தோல் வளர்த்துப் போர்த்தி உயிர் காத்தார்கள். உயிரைக் காப்பதற்காகப் பிறந்த அந்த வித்தையின் ஒரு கிளைதான், பின்னாளில் முகத்தின் சுருக்கத்தையும் குழியையும் நோக்கித் திரும்பியது.

அவ்வாறு திரும்பியவற்றுள் மிக விரிவான பரிசோதனைக்கு உட்பட்டது, ஐசோலாஜென் என்ற பெயரில் 1990-களின் நடுவே தொடங்கி, பிற்காலத்தில் லாவிவ் என்ற பெயரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அங்கீகாரம் பெற்ற ஊசி மருந்து. அதன் செய்முறையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். "ஒரே நாள்" என்ற வார்த்தைக்கு அதுவே தக்க விடையாக இருக்கிறது. வெயில் அதிகம் படாததும் பிறர் கண்ணில் படாததுமான காதின் பின்புறத்திலிருந்து, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று சிறு வட்டத் துண்டுகளை எடுத்தார்கள். குளிர்ப் பெட்டியில் வைத்து அவற்றை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப, அங்கே திசுவைக் கரைத்து ஃபைப்ரோபிளாஸ்ட்களைப் பிரித்து, குடுவையில் இட்டு, ஊட்டம் கொடுத்து, குடுவை நிறைந்ததும் பெரிய குடுவைக்கு மாற்றி, மீண்டும் மீண்டும் பெருக்கினார்கள். இதற்கு 11 முதல் 22 வாரம் ஆயிற்று. முடிவில் 1.2 மில்லிலிட்டர் திரவத்தில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் செல்கள் அடங்கிய சிறு குப்பி திரும்பி வந்தது. மூன்று முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று தவணையாக, சுருக்கத்தின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.1 மில்லிலிட்டர் என்ற கணக்கில், உள்தோலின் மேலடுக்கிலேயே மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். சரியான ஆழத்தில் மருந்து இறங்கினால் அந்த இடம் கணநேரம் வெளுத்து எழும்பி நிற்கும். அதுவே மருத்துவரின் கைக்கு அடையாளம்.

இப்படி வளரும் செல்லை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்து இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்துச் சென்று, படுக்க வைத்த தட்டைக் குடுவை ஒன்றை, கீழிருந்து மேலே நோக்கும் நுண்ணோக்கியின் மேடையில் வைத்துக் காட்டினார். ரோஜா நிறத் திரவத்தின் அடியில், இரு முனையும் கூர்ந்து நடுவே தடித்த கதிர்களைப் போன்ற செல்கள், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த நெற்பயிர் போல வரிசை வரிசையாகப் படிந்திருந்தன. ஒரு மூலையில் ஒரு செல் தரையை விட்டுவிட்டு உருண்டையாய்த் திரண்டு, இரண்டாகப் பிரியும் தருவாயில் இருந்தது. "இந்தத் திரவம் மஞ்சளாக மாறினால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம், ஐயா. ராத்திரியானாலும் வந்து மாற்றித்தான் ஆகணும்" என்று அவர் சொன்னபோது, கைக்குழந்தையின் தொட்டிலருகே நிற்கும் தாயின் சிரத்தையை அந்தக் குரலில் கேட்டேன். செல் என்பது உயிர். உயிரை வளர்க்க நாளும் உழைப்பும் வேண்டும். இந்தச் சாதாரண உண்மை விளம்பரத்தில் இடம் பெறுவதே இல்லை.

ஐசோலாஜெனின் சரித்திரமும் படிப்பினை மிகுந்தது. தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு அது செலுத்தப்பட்ட பிறகு, 1999-இல் அந்நாட்டு நிர்வாகம் தலையிட்டு, உடலுக்கு வெளியே வளர்த்த செல் மருந்தே ஆகும், ஆகவே மருந்துக்குரிய சோதனைகளை எல்லாம் முடித்த பிறகே அதை விற்கலாம் என்று கூறிவிட்டது. அதைத் தயாரித்த நிறுவனம் பிரிட்டனுக்குச் சென்று 2002-இல் கடை விரித்தது. அங்கே பணம் கொடுத்தவர்கள் பலர் பலன் காணவில்லை என்று முறையிட, 2007-இல் அந்தக் கிளையை மூடிற்று. 2009-இல் திவால் நிலைக்கு வந்து, ஃபைப்ரோசெல் என்ற புதுப் பெயருடன் எழுந்தது. இத்தனைக்கும் இடையிலே சோதனைகள் நடந்து முடிந்தன. மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரத்துக்கு இறங்கும் மடிப்புச் சுருக்கத்துக்கு மட்டும், பெரியவர்களுக்கு மட்டும், 2011 ஜூன் மாதம் அங்கீகாரம் கிடைத்தது.

அந்தச் சோதனைகளின் எண்களை ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கூர்ந்து நோக்க வேண்டும் என்பது என் விருப்பம். செல் செலுத்தப்பட்டவர்களில் 78 சதவீதத்தினர் தங்கள் சுருக்கம் ஒரு படியாவது குறைந்ததாகக் கூறினர். செல்லே இல்லாத வெறும் திரவம் செலுத்தப்பட்டவர்களிலும் 48 சதவீதத்தினர் அவ்வாறே கூறினர். யாருக்கு எது செலுத்தப்பட்டது என்று அறியாத மருத்துவர்களின் கண்ணில் அந்த விகிதம் 64-க்கு 36 ஆக இருந்தது. பலன் மெய், ஆனால் அளவானது. இன்னொன்றும் இதில் உண்டு: ஊசி குத்தப்பட்டது என்ற நினைவும், மாற வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து, வெறும் திரவத்தைக்கூட ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பலிக்க வைக்கின்றன. விளம்பரத்தில் சிரிக்கும் முகங்களின் சாட்சியம் ஏன் போதாது என்று கேட்பவருக்கு இந்த ஓர் எண்ணே பதில்.

பருத் தழும்பைப் பற்றி என் மருமகளுக்கு நேராகப் பயன்படும் சோதனையும் ஒன்று உண்டு, 2013-இல் வெளியானது. 99 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கன்னத்தில் அவரவர் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும், மறு கன்னத்தில் வெறும் திரவத்தையும் இரண்டு வாரத்திற்கு ஒன்றாக மூன்று தவணை செலுத்தினார்கள். நோயாளிகள் தாமே கணித்த முன்னேற்றம் செல் பக்கம் 43 சதவீதம், திரவப் பக்கம் 18 சதவீதம். மருத்துவர்கள் கணித்தது 59-க்கு 42. அதிலும் அவர்கள் தேர்ந்தெடுத்தது, தோலை இழுத்துப் பிடித்தால் சமமாகிவிடும் வகைக் குழிகளை மட்டுமே. தென் கொரியா 2010-லேயே பருக்குழிக்கென்று இத்தகைய ஃபைப்ரோபிளாஸ்ட் மருந்து ஒன்றை அங்கீகரித்திருக்கிறது. ஆகவே, "இதெல்லாம் பொய்" என்று மருமகளிடம் ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பொய்யாயிருந்தால் மறுப்பது எளிது, பாதி மெய்யாக இருப்பதைத்தான் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இனி, சொந்த செல்லில் என்ன கெடுதல் என்ற கேள்விக்கு வருகிறேன். நம்மிடமிருந்து புறப்படும் செல் வேறு, நம்மிடம் திரும்பி வரும் மருந்து வேறு. குடுவையில் அது வளர்வது பசுவின் கருவிலிருக்கும் கன்றிலிருந்து எடுத்த ரத்தநீரை உண்டு; கிருமி அணுகாதிருக்க ஜென்டாமைசின், ஆம்போடெரிசின் போன்ற மருந்துகளின் காவலில். இவை ஒவ்வாதவர்களுக்கு அந்த ஊசியைப் போடலாகாது என்று லாவிவின் குறிப்பேடே கூறுகிறது. கெலாய்டு வளரும் உடல்வாகு உள்ளவருக்கோ, காதின் பின்னே வெட்டிய இடமும் கன்னத்தில் குத்திய இடமும் புதிய தழும்பாகிவிடக்கூடும்.

இவையெல்லாம் முறையாகச் செய்தால் வரும் கெடுதல்கள். முறை தவறினால் வருபவை மிகக் கொடியவை. அமெரிக்காவில் அறுபது வயது கடந்த ஒரு பெண்மணி, தம் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் என்று சொல்லப்பட்டதைக் கண்ணைச் சுற்றிச் செலுத்திக்கொண்டார். அதனுடன், சுருக்கத்தை நிரப்பும் கால்சியம் கலந்த பொருளொன்றும் அதே பகுதியில் செலுத்தப்பட்டது. சில மாதங்களில் அவருடைய வலக் கண் வலியின்றித் திறக்க மறுத்தது. இமையை அசைக்கும்போதெல்லாம் கடக்கென்று ஓசை கேட்டது. அறுவை செய்த மருத்துவர்கள் இமையினுள்ளிருந்து எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். கால்சியத்தின் அருகே வைக்கப்பட்ட அந்தச் செல்கள், தம் இயல்புக்கு ஏற்ப எலும்பாகிவிட்டன. அவையும் அவருடைய சொந்த செல்களே! 2012-இல் அறிவியல் பத்திரிகை ஒன்றில் வெளியான இச்செய்தியை என் மருமகளிடம் சொன்னபோது, அவள் தன்னையறியாமல் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த விளம்பரத்தைக் கொடுத்த இடத்துக்கு அவளுடன் நானும் போனேன். குளிர்சாதன அறையில் எங்களை வரவேற்ற ஆலோசகர், இடுப்பிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, ஒரு மணி நேரத்தில் சுத்தம் செய்து, அன்றே முகத்தில் செலுத்திவிடுவோம் என்று இனிமையாக விளக்கினார். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை உயிருள்ள செல் இருக்கும், அவற்றை எண்ணிப் பார்ப்பது யார், பருக்குழிக்கு இதைச் சோதித்துப் பதிவு செய்த எண் உண்டா என்று நான் கேட்டபோது, "இது எங்க சொந்த டெக்னிக், சார்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. எழுத்தில் கிடைத்தது கட்டண விவரம் மட்டுமே. வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, வழி முழுவதும் அவள் பேசவில்லை. ஒரு பெண்ணின் ஆறு வருஷத்து ஏக்கத்தை மூலதனமாக்கி நடத்தும் வியாபாரத்தின்மேல் எனக்கு அன்று எழுந்த கோபம், இதை எழுதும்போதும் தணியவில்லை.

கொழுப்பைச் செலுத்துவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 1893-லேயே குஸ்டாவ் நாய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், குழிந்த முகத் தழும்பைக் கொழுப்பால் நிரப்பிக் காட்டியிருக்கிறார். நானோஃபேட் என்று இன்று வழங்கும், மிக நுண்மையாகக் கூழாக்கிய கொழுப்பு முறை 2013-இல் விவரிக்கப்பட்டது. ரத்தத்தின் தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடும் பி.ஆர்.பி.யும் பல தோல் மருத்துவர்கள் கையாளும் முறையே. ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரும் எல்லையும் உண்டு. கொழுப்பைக் கொழுப்பு என்றும், தட்டணுவைத் தட்டணு என்றும் சொல்லிச் செய்யும் மருத்துவரிடம் எனக்கு வழக்கில்லை. இரண்டையும் ஸ்டெம் செல் என்று பெயர் மாற்றி விற்பவரிடமே வழக்கு. சுத்தம் தவறினால் எளிய முறையும் உயிரைத் தொடும்: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் பெறாத ஓர் அழகு நிலையத்தில் பி.ஆர்.பி. முகச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியதை, அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் விரிவாக வெளியிட்டது.

நம் நாட்டின் நிலை ஐயத்திற்கு இடமின்றி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சையைத் தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்துவது நெறியற்ற செயல். அனுமதி பெற்ற ஆய்வு என்றால் அது சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் எண்ணுடன் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் சோதனை மருந்துக்காகப் பணம் வசூலிக்கலாகாது என்பதையும் நினைவில் வைத்தால், ஸ்டெம் செல் ஊசிக்கு என்று நீட்டப்படும் கட்டணச் சீட்டே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

இறுதியில் அவள் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றாள். அந்த அம்மையார் கருவி எதையும் எடுக்குமுன், கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கன்னத்தை மெல்ல இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். சில குழிகள் இழுத்தவுடன் மறைந்தன, பெரும்பாலானவை மறையவில்லை. மறையாதவை, அடியிலுள்ள நார்களால் கீழே கட்டி இழுக்கப்பட்டவை. அவற்றின்மேல் எத்தனை கோடி செல்லைச் செலுத்தினாலும் கட்டு அவிழாமல் மேடேற வழியில்லை என்று விளக்கி, அந்த நார்களை ஊசி முனையால் அறுத்துவிடும் சப்சிஷன் என்ற பழைய, எளிய முறையைத் தொடங்கியிருக்கிறார். பல தவணை ஆகும், கல்யாணத்திற்குள் முழுவதும் முடியாது, முடிந்தாலும் முற்றிலும் மறையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மையான வார்த்தைதான் அவள் முகத்தில் நெடுநாளுக்குப் பின் ஒரு நிம்மதியைக் கொண்டுவந்தது.

இதைப் படிப்பவர்களில், தமக்கோ தம் பிள்ளைகளுக்கோ இத்தகைய ஊசியை நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. எந்தச் செல், உடம்பின் எந்த இடத்திலிருந்து, எங்கே எத்தனை நாள் வளர்ந்தது, எண்ணியது யார், அனுமதித்தது யார், பதிவு எண் என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். காதின் பின்னே எடுத்த மூன்று துண்டுத் தோல் ஒரு குப்பி மருந்தாகத் திரும்பி வர 11 வாரமாவது ஆகும். செல்லை வளர்த்துத் தருவதாகச் சொல்லி அன்றே ஊசி போட்டு அனுப்புகிறவரின் ஊசியில், வளர்த்த செல் இல்லை.